அந்நியப் படையும் ஒற்றைத் தண்டவாளமும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 1917 ரஷ்யப் புரட்சி பற்றிய கட்டுரையை, "புரட்சிக்குப் பின் மூண்ட உள்நாட்டுப் போரில் அந்நியப் படைகளும் இறங்கின" என்ற ஒரே வரியோடு முடித்திருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இம்மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் ஏன் ரஷ்யாவுக்குப் படை அனுப்பின? "முதலாளித்துவ நாடுகள் புரட்சியை நசுக்க வந்தன" என்று ஒரு வரிதான் என் குறிப்பில் இருக்கிறது. பரீட்சைக்கு அது போதுமா?
— உயர்தர வரலாற்று மாணவி, தலவாக்கலை

போதாது, மகள். அந்த வரி பொய்யல்ல. ஆனால் அது 1919க்குத்தான் முழுதாகப் பொருந்தும். 1918இல் நடந்தது வேறு.

1918 மார்ச் 3ஆம் திகதி பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, புரட்சியில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக் அரசு ஜெர்மனியுடனான போரிலிருந்து விலகியது. உலகப் போர் அப்போது முடியவில்லை. கிழக்கு முனையில் ஓய்ந்த ஜெர்மன் படைகள் மேற்கே திரும்பின. அதே மார்ச் 21ஆம் திகதி பிரான்ஸில் ஜெர்மனியின் பெருந்தாக்குதல் தொடங்கிவிட்டது. இன்னொரு பக்கம், சார் மன்னனுக்கு நேச நாடுகள் (ஜெர்மனிக்கு எதிராகச் சேர்ந்து நின்ற பிரித்தானியா, பிரான்ஸ் முதலியவை) அனுப்பிய போர்ச்சரக்கு வடக்கே ஆர்க்காங்கல், கிழக்குக் கோடியில் விளாடிவோஸ்டொக் துறைமுகங்களில் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. விளாடிவோஸ்டொக்கில் மட்டும் 6 இலட்சம் டன்னுக்கு மேல். அது ஜெர்மனியர் கையில் சிக்கிவிடக்கூடாது, முடிந்தால் கிழக்கு முனையை மறுபடி திறக்க வேண்டும் என்பதுதான் முதலில் சொல்லப்பட்ட காரணம்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் இன்னொரு வட துறைமுகமான மூர்மான்ஸ்கில் இறங்கிய பிரித்தானியக் கடற்படை வீரர்கள் வெறும் 130 பேர் அளவில்தான். அவர்கள் உள்ளூர் சோவியத்தின் (தொழிலாளர், படையினர் மன்றத்தின்) சம்மதத்தோடு, போல்ஷெவிக் தலைவர் ட்ரொட்ஸ்கியின் தந்தி கொடுத்த அனுமதியோடு இறங்கினார்கள். விடைத்தாளில் இதை மறக்காமல் எழுதுங்கள். ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானியர் விளாடிவோஸ்டொக்கில் இறங்கினர். தங்கள் கடைக்காரர்கள் கொல்லப்பட்டதைக் காரணமாகச் சொன்னாலும், கிழக்குச் சைபீரியாவில் காலூன்றும் எண்ணம் அவர்களுக்கு இருந்தது. மே மாதத்தில் செக்கோஸ்லோவாக்கியப் படையணி கிளர்ந்தது. ஆஸ்திரிய இராணுவத்திலிருந்து பிடிபட்ட கைதிகளையும் ரஷ்யாவில் வாழ்ந்த செக்கர்களையும் சேர்த்து உருவாக்கப்பட்ட 40,000க்கு மேற்பட்டவர்கள் அவர்கள். பிரான்ஸுக்குப் போய்ப் போரிடுவதற்காக, விளாடிவோஸ்டொக்கில் கப்பலேற ரயிலில் கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ஆயுதங்களைக் களையச் சொன்னபோது மறுத்துச் சண்டையிட்டு, சில வாரங்களில் சைபீரிய ரயில் பாதையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை மீட்கப் போகிறோம் என்பது அடுத்த காரணமாயிற்று. ஓகஸ்ட் 2ஆம் திகதி ஆர்க்காங்கலில் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் இறங்கின. செப்டெம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 அமெரிக்கர்கள் அங்கு வந்து சேர்ந்தார்கள்.

நவம்பர் 11ஆம் திகதி உலகப் போர் முடிந்தது. சொன்ன காரணம் அன்றே செத்தது, படைகள் மட்டும் திரும்பவில்லை. வட ரஷ்யாவில் துல்காஸ் கிராமத்தில் அதே நாளில் போல்ஷெவிக்குகளின் செஞ்சேனை தாக்கியது. கனேடிய பீரங்கிப் படையின் குதிரைச் சாரதிகள் துப்பாக்கி ஏந்தித் தடுத்து நிற்க, பீரங்கிகளைப் பின்பக்கமாகத் திருப்பிச் சுட்டுத் தப்பினார்கள். பிரான்ஸில் மணியோசை கேட்ட நாளில் இங்கே இறந்தவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்று அவர்களுடைய அரசுகளால் பதில் சொல்ல முடியவில்லை. 1919 ஜனவரியில் சேர்ச்சில் பிரித்தானியப் போர் அமைச்சரானார். போல்ஷெவிக்குகளை வீழ்த்துவதே நோக்கம் என்று அவர் வெளிப்படையாக வாதாடினார். பிரதமர் லொயிட் ஜோர்ஜுக்கு அதில் மனமில்லை. உங்கள் குறிப்பிலுள்ள வரி இந்தக் கட்டத்துக்குத்தான் உரியது.

கேள்வி: இத்தனை வல்லரசுகள், இத்தனை ஆயுதங்கள். இருந்தும் ஏன் மொஸ்கோ வரை போக முடியவில்லை?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், நாவலப்பிட்டி

ஐயா, இதற்கு உங்களைவிடப் பொருத்தமான வாசகர் இல்லை. ஏனென்றால் விடை தண்டவாளத்தில் இருக்கிறது.

மலைப்பாதையில் ஓரிடத்தில் மண் சரிந்தால் பதுளை வரை எல்லாம் நின்றுவிடும். ஆர்க்காங்கலிலிருந்து தெற்கே வொலொக்டா போகும் பாதையும் அப்படி ஒற்றைப் பாதைதான். நீளம் 600 கிலோமீற்றருக்கு மேல், கொழும்பு–பதுளைப் பாதையைப் போல் இரண்டு மடங்கு. அதற்கப்பால் மொஸ்கோவுக்கு இன்னும் 400 கிலோமீற்றருக்கு மேல். பாதையின் இருபுறமும் சதுப்பும் பைன் காடும். கோடையில் சதுப்பு இளகிவிடுவதால் பீரங்கியைத் தண்டவாளத்தை விட்டு இறக்க முடியாது. நேச நாட்டுப் படை ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஒபோஸெர்ஸ்காயா ஸ்டேஷனைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனது. செஞ்சேனை பாலங்களை உடைத்துவிட்டுக் கவச ரயிலோடு எதிரே நின்றது. அதோடு முன்னேற்றம் முடிந்தது.

ரயில் பாதை ஒரு முனை. ஒனேகா, வாகா, துவினா, பினேகா ஆற்றுப் பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனி முனை. விரித்த கைவிரல்கள் மாதிரி அவை பிரிந்து போகின்றன. விரல் நுனிக்கு விரல் நுனி குறுக்குப் பாதை கிடையாது. ஒரு முனைக்கு ஆபத்தென்றால் உள்ளங்கைக்கு, அதாவது ஆர்க்காங்கலுக்குத் திரும்பி வந்துதான் அடுத்த விரலுக்குப் போக வேண்டும். அந்த உள்ளங்கையும் குளிர்காலத்தில் உறைந்துவிடும். மே மாதம்வரை வெண்கடலில் சாதாரணக் கப்பல் நுழையாது. வளைகுடா நீரோட்டத்தின் வெப்பத்தால் மூர்மான்ஸ்க் உறைவதில்லை. ஆனால் அதன் ரயில் பாதை 1916 இறுதியில் அவசர அவசரமாகப் போட்டு முடித்தது, பாரம் தாங்காது.

இன்னொரு தொல்லை தோட்டா. ஆர்க்காங்கலுக்கு வந்த அமெரிக்கர்களுக்குக் கொடுத்தது ரஷ்ய மொசின்-நாகன்ட் துப்பாக்கி, 7.62 மில்லிமீற்றர். சாரின் இராணுவத்துக்காக அமெரிக்காவிலேயே செய்தவை அவை. பிரித்தானியத் துப்பாக்கிக்கு வேறு தோட்டா, பிரெஞ்சு லெபெலுக்கு 8 மில்லிமீற்றர், ஜப்பானிய அரிசாக்காவுக்கு 6.5. ஒன்றின் தோட்டா மற்றொன்றில் ஏறாது. பனியில் சறுக்குவண்டி மாறிப் பெட்டி இறங்கிவிட்டால், கையில் துப்பாக்கியும் பக்கத்தில் தோட்டாப் பெட்டியும் இருந்தும் சுட முடியாது. செஞ்சேனைக்கு இந்தக் கவலை குறைவு. துலா ஆயுதத் தொழிற்சாலை, மொஸ்கோ, பெட்ரோகிராட் எல்லாம் அவர்கள் கையில். நாட்டின் ரயில் பாதைகள் மொஸ்கோவில் கூடுகின்றன. இன்று கிழக்கே வெள்ளைத் தளபதி கொல்சாக்கோடு மோதிய படைப்பிரிவை நாளை மறுநாள் தெற்கே இன்னொரு வெள்ளைத் தளபதி டெனிக்கின் முன் இறக்கலாம். போல்ஷெவிக்குகளை எதிர்த்த இந்த வெள்ளைப் படைகளோ நாட்டின் விளிம்புகளில் சிதறிக் கிடந்தன. ஒன்றுக்கொன்று உதவ வழியில்லை.

சைபீரியாவில் கதை இன்னும் கொடுமை. விளாடிவோஸ்டொக்–மொஸ்கோ தூரம் 9,000 கிலோமீற்றருக்கு மேல். ஜப்பான் ஒரு கட்டத்தில் 70,000க்கு மேற்பட்ட படையினரை அனுப்பியது. ஆனால் அவர்கள் பைக்கால் ஏரிக்கு மேற்கே போகவே இல்லை. சுமார் 8,000 அமெரிக்கர்களுடன் வந்த ஜெனரல் கிரேவ்ஸ், "எங்கள் கட்டளை செக்கர்களுக்கு உதவுவதும் சரக்கைக் காப்பதும் பாதையைக் காப்பதும்தான்" என்ற நிலையில் கொல்சாக்குக்காகப் போரிட மறுத்தார். பாதையை நடத்தும் பொறுப்பு 1919இல் நேச நாடுகளின் தொழில்நுட்பக் குழுவுக்கு வந்தது. தலைவர் ஜோன் ஸ்டீவன்ஸ், பனாமாக் கால்வாய் வேலையில் பெயரெடுத்த பொறியியலாளர். அவரால் எஞ்சின்களைத் திருத்த முடிந்தது. கிழக்குச் சைபீரிய நகரான சீட்டாவில் ஜப்பானியரின் ஆதரவோடு உட்கார்ந்து, போகிற ரயிலை மறித்துச் சரக்கைப் பறித்த கொசாக் தலைவன் செம்யோனொவை அவரால் திருத்த முடியவில்லை.

1919 நவம்பர் 14ஆம் திகதி கொல்சாக்கின் தலைநகர் ஓம்ஸ்க் வீழ்ந்தது. அதன் பின் நடந்ததை உங்களால் கண்ணால் பார்ப்பது போல் உணர முடியும். பின்வாங்கும் ரயில்கள் ஒன்றன் பின் ஒன்றாக நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்றன. எஞ்சினுக்கு நிலக்கரி தீர்ந்தால் அடுப்பு அணையும். அடுப்பு அணைந்தால் கொதிகலன் நீர் உறையும், உறைந்த நீர் விரிந்து குழாய்களைப் பிளக்கும். அந்த எஞ்சின் அதன்பின் வெறும் இரும்பு. தண்ணீர்த் தொட்டிகளும் உறைந்துவிட்டதால் ஆட்கள் வரிசையாக நின்று பனிக்கட்டியைக் கைமாற்றி எஞ்சினுக்குள் கொட்டினார்கள். ஒரு எஞ்சின் நின்றால் பின்னால் நிற்கிற அத்தனையும் நிற்கும். ஓடக்கூடிய எஞ்சின்களைச் செக்கர்கள் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். அகதிகளும் காய்ச்சல் நோயாளிகளும் நிறைந்த பெட்டிகள் அப்படியே உறைந்தன. 1920 ஜனவரியில் கொல்சாக்கையும் செக்கர்களே இர்குட்ஸ்க்கில் எதிரிகளிடம் ஒப்படைத்துவிட்டுத் தங்கள் பாதையைத் திறந்துகொண்டார்கள். பெப்ரவரி 7ஆம் திகதி அவர் சுடப்பட்டார்.

கேள்வி: நுவரெலியாவில் ஒரு இரவு உறைபனி விழுந்தாலே உருளைக்கிழங்கு இலை கருகிவிடுகிறது. அந்தக் குளிரில் துப்பாக்கி எப்படி வேலை செய்தது?
— மரக்கறிச் செய்கையாளர், கந்தப்பளை

பல நேரம் செய்யவில்லை. விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியின் குழலைச் சுற்றி ஒரு நீர் உறை உண்டு. சுமார் 4 லீட்டர் தண்ணீர் பிடிக்கும். தொடர்ந்து சுட்டால் தண்ணீர் கொதிக்கும், சுடாமல் வைத்தால் உறைந்து உறையே வெடிக்கும். அதற்காகத் தண்ணீரில் கிளிசரின் கலந்தார்கள். லூயிஸ் துப்பாக்கிக்குத் தண்ணீர் வேண்டாம், ஆனால் அதன் எண்ணெய் கூழாகக் கெட்டியாகி இயங்குபாகம் முன்னும் பின்னும் ஓடாமல் சிக்கும். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து உலர வைப்பதே வழி. சூடான குடிசைக்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்தால் இரும்பில் நீர் பூக்கும், மறுபடி வெளியே எடுத்தால் அந்த நீர் உறைந்து விசையைப் பூட்டிவிடும். காவல் மாறும்போது ஆள் உள்ளே வர, துப்பாக்கி வெளியில் நிற்பதே நல்லது.

காலணியில்தான் பெரிய தவறு நடந்தது. துருவப் பயணி ஷாக்கிள்ட்டன் வடிவமைத்த கித்தான் பூட்ஸைக் கொடுத்தார்கள். உலர்ந்த பனியில் வெதுவெதுப்பு, ஆனால் வழவழப்பான அடி. மிதித்து இறுகிய சறுக்குவண்டிப் பாதையில் நடந்தால் நாலடிக்கு ஒருமுறை விழ வேண்டியதுதான். 1919 ஜனவரி இறுதியில் ஷென்குர்ஸ்க் நகரைக் கைவிட்டு இரவோடு இரவாகப் பின்வாங்கியபோது, பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் காலுறையோடு நடந்தார்கள். உள்ளூர் விவசாயிகள் போட்டிருந்த கம்பளியை அழுத்திச் செய்த 'வாலென்கி' பூட்ஸ்தான் அந்த மண்ணுக்கு உரியது.

கேள்வி: இந்தியச் சிப்பாய்களும் அங்கு போனார்களா?
— வாசகர், பதுளை

போனார்கள். வடக்குக்கல்ல, மத்திய ஆசியாவுக்கு. பாரசீகத்தின் மஷ்ஹத் நகரில் ஜெனரல் மலிசன் தலைமையில் முகாம் இருந்தது. அங்கிருந்து 19ஆம் பஞ்சாப் படைப்பிரிவும் 28ஆம் இலகு குதிரைப்படையும் எல்லை தாண்டி இன்றைய துர்க்மெனிஸ்தானுக்குள் போயின. 1918 ஓகஸ்டில் காஹ்கா, ஒக்டோபரில் துஷாக் என்ற இடங்களில் சண்டை. அதுவும் ரயில் பாதைப் போர்தான். பாலைவனத்தில் குடிநீரே ரயிலில்தான் வரும், ஆகவே பாதையை விட்டு விலக முடியாது. இரும்புத் தகடு கிடைக்காத இடத்தில், அழுத்திக் கட்டிய பருத்திப் பொதிகளை ரயில் பெட்டியின் ஓரத்தில் அடுக்கிக் கவச ரயில் செய்தார்கள். தோட்டாவைப் பருத்தி பிடித்துக்கொள்ளும், ஆனால் தீப்பொறி பட்டால் அதுவே சிதை. 1919 ஏப்ரல் அளவில் இவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அடிமை நாட்டுச் சிப்பாயை அழைத்துப் போய் இன்னொரு நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கச் சொன்னது எங்களுக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

கேள்வி: அந்நியப் படை வந்ததால்தான் போல்ஷெவிக்குகள் வென்றார்கள் என்று ஒருவர் சொல்கிறார். வராதிருந்தால் இன்னும் சீக்கிரம் வென்றிருப்பார்கள் என்று இன்னொருவர். எது சரி?
— ஆசிரியர், பண்டாரவளை

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. வெள்ளைப் படைகளுக்குத் துப்பாக்கி, சீருடை, டாங்கி எல்லாம் வெளியிலிருந்தே வந்தன. 1919 ஜூன் இறுதியில் டெனிக்கின் படை சாரிட்சின் நகரைப் பிடித்தபோது முன்னால் போனவை பிரித்தானிய டாங்கிகள். அந்த உதவி இல்லையென்றால் போர் சீக்கிரம் முடிந்திருக்கும். மறுபுறம், "தாய்நாட்டை அந்நியன் கூறுபோட வருகிறான்" என்ற குரல் போல்ஷெவிக்குகளைப் பிடிக்காதவர்களையும் இழுத்தது. 1920இல் போலந்துப் படை கியேவுக்குள் நுழைந்தபோது, சாரின் புகழ்பெற்ற ஜெனரல் புருசிலொவே பழைய அதிகாரிகளைச் செஞ்சேனையில் சேருமாறு அழைத்தார்.

ஆனால் எங்கள் பார்வையில் இரண்டையும்விடப் பெரியது நிலம். புரட்சி நடந்த மறுநாளே நிலச் சட்டம் வந்துவிட்டது. பண்ணையாரின் நிலத்தை விவசாயி பிரித்துக்கொண்டான். வெள்ளைப் படை ஒரு மாவட்டத்தைப் பிடித்ததும் பின்னாலேயே பழைய பண்ணையார் வந்து குத்தகை கேட்டான், சில இடங்களில் சவுக்கோடு. தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணில் ஒரு பேர்ச் கூடத் தன் பெயரில் இல்லாமல் இருப்பது என்னவென்று மலையகத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் கிடைத்த நிலத்தை யார் திருப்பிக் கேட்கிறார்களோ அவனுக்காக எந்த விவசாயியும் மனமொப்பித் துப்பாக்கி பிடிக்கமாட்டான். போல்ஷெவிக்குகள் தானியத்தைப் பறித்தபோது அவர்களையும் சபித்தார்கள், இரு படைகளிலிருந்தும் அறுவடைக் காலத்தில் ஓடினார்கள். ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, பண்ணையாரைத் திருப்பிக் கொண்டுவராதவன் பக்கம் நின்றார்கள். இதை எந்த அந்நியக் கப்பலாலும் மாற்ற முடியவில்லை.

கேள்வி: அந்த நாடுகளின் தொழிலாளர்கள் எதிர்க்கவில்லையா?
— தொழிற்சங்க உறுப்பினர், ஹட்டன்

எதிர்த்தார்கள், வலுவாகவே. 1918 டிசம்பரில் ஒடெசாவில் பிரெஞ்சுப் படை இறங்கியது. 1919 ஏப்ரலில் அங்கிருந்து வெளியேறியது. அதே மாதம் கருங்கடலில் நின்ற 'பிரான்ஸ்', 'ஜோன் பார்ட்' போர்க்கப்பல்களில் மாலுமிகள் கட்டளையை மறுத்துச் செங்கொடி ஏற்றி, வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். உலகப் போர் முடிந்து ஐந்து மாதமாகியும் வீடு திரும்பாதவர்கள் அவர்கள். 1918 டிசம்பரில் கனடாவின் விக்டோரியா நகரில் சைபீரியாவுக்குக் கப்பலேற மறுத்த படையினரும் உண்டு. 1920 மே 10ஆம் திகதி லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள், போலந்துக்கு ஆயுதம் கொண்டுபோக நின்ற 'ஜோலி ஜோர்ஜ்' கப்பலில் சரக்கேற்ற மறுத்தார்கள். நிலக்கரி போடுகிறவர்களும் கைவிரித்தார்கள். கப்பல் நகரவில்லை, ஆயுதப் பெட்டிகளை இறக்க வேண்டியதாயிற்று. வேலைநிறுத்தத்தின் கூர்மை அங்கேதான் தெரிகிறது: ஊரெல்லாம் நிற்கத் தேவையில்லை, சரியான இடத்தில் சிலர் நின்றால் போதும்.

கேள்வி: அந்தப் போரால் இலங்கைத் தோட்டங்களுக்கு ஏதும் பாதிப்பு?
— கொழுந்து பறிக்கும் தொழிலாளியின் மகன், பொகவந்தலாவை

உண்டு. உலகின் பெரிய தேயிலைச் சந்தைகளில் ஒன்று ரஷ்யா. புரட்சியும் போரும், அதன்பின் 1920 ஜனவரிவரை நீடித்த நேச நாடுகளின் கடல் முற்றுகையும் அந்தச் சந்தையை அடைத்தன. உலகப் போர்க்காலத்தில் எடை கூடினால் போதும் என்று முற்றின இலையையும் சேர்த்துப் பறித்த தேயிலை லண்டனில் தேங்கிக் கிடந்தது. 1920இல் விலை சரிந்தது. மலிவுத் தேயிலைக்கு வாங்க ஆளே இல்லை. இந்திய, இலங்கைத் தோட்டங்கள் உற்பத்தியைக் குறைக்க இணங்கின, முற்றிய இலையை விட்டுக் கொழுந்தை மட்டும் பறிக்கும் முறை திரும்பியது. இலை குறைந்தால் பறிப்பவரின் கூலிக்கும் அடி. ரஷ்யச் சந்தை மூடியது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டோம், ஆனால் அது பெரிய காரணங்களில் ஒன்று. பிரித்தானியாவும் சோவியத் அரசும் 1921 மார்ச் 16ஆம் திகதி வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டாண்டு முன் ஒருவரையொருவர் சுட்டவர்கள்!

கேள்வி: உள்ளூர்க்காரர்கள் அழைத்தால் அந்நியப் படை வருவது முறைதானே? நம்பி அழைத்தவர்களுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று?
— சட்ட மாணவர், கண்டி

முதலில் சட்டம். ஒரு நாட்டின் அரசு கேட்டால் உதவலாம், அரசை எதிர்க்கும் தரப்பு கேட்டால் படை அனுப்ப உரிமையில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 1986 ஜூன் 27ஆம் திகதி நிக்கரகுவா வழக்கில் தெளிவாகச் சொன்னது. 1918இல் அப்படியொரு தீர்ப்பில்லை. ஆனால் "அரசு எது" என்ற கேள்வி அப்போதும் இருந்தது. ஆர்க்காங்கலில் நேச நாட்டுக் கப்பல்கள் வருகிற அதே நாளில், அவர்களோடு பேசிவைத்த அதிகாரிகள் உள்ளூர் சோவியத்தைக் கவிழ்த்தார்கள். வயதான சோசலிஸ்ட் சாய்கோவ்ஸ்கி தலைமையில் அரசு அமைந்தது, வந்தவர்களை வரவேற்றது. அழைப்பும் வருகையும் ஒரே நாளில் பிறந்தவை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அதே அதிகாரிகள் சாய்கோவ்ஸ்கியையே பிடித்துத் தீவு மடத்துக்குக் கொண்டுபோனார்கள். நேச நாட்டுத் தூதுவர்கள் தலையிட்டு மீட்டார்கள்.

வெளியேறும்போது நடந்ததைக் கவனியுங்கள். அமெரிக்கர்கள் 1919 கோடையில் போய்விட்டார்கள். பிரித்தானியர் அதற்குச் சற்று முன்னர் சுமார் 8,000 புதிய தொண்டர் படையினரை இறக்கினார்கள், பழையவர்களைப் பத்திரமாக ஏற்றுவதற்கு. பின்வாங்குகிறவனை எதிரி துரத்தாமலிருக்க முதலில் அவனை ஓங்கி அடிக்க வேண்டும் என்பது இராணுவக் கணக்கு. ஓகஸ்ட் 10ஆம் திகதி துவினாவில் அந்த அடி விழுந்தது. பின்னர் ஆற்றில் கண்ணிவெடி போட்டுவிட்டுப் படிப்படியாகக் கீழிறங்கினார்கள். ஜூலையில் பிரித்தானியப் பயிற்சி பெற்ற ரஷ்யப் படையணி ஒன்று இரவில் தங்கள் பிரித்தானிய அதிகாரிகளையே சுட்டிருந்தது, ஆகவே யாரையும் நம்பாத மனநிலை. எடுத்துப்போக முடியாத சரக்கில் ஒரு பகுதியை ஆற்றில் தள்ளினார்கள். பக்கத்தில் நின்று பார்த்த உள்ளூர்ச் சிப்பாய்க்கு அந்தச் சரக்குதான் வரப்போகும் குளிர்காலம்.

வர விரும்பியோரைக் கப்பலேற்றுவதாகச் சொன்னார்கள், சில ஆயிரம் பேர் போனார்கள். உள்ளூர்த் தளபதி மில்லர் மறுத்தார், தன் மக்கள் போரிடுவார்கள் என்று நம்பினார். 1919 செப்டெம்பர் 27ஆம் திகதி கடைசிப் பிரித்தானியக் கப்பல் ஆர்க்காங்கலை விட்டது, ஒக்டோபரில் மூர்மான்ஸ்கையும் காலி செய்தார்கள். 1920 பெப்ரவரியில் முனை உடைந்தது. மில்லரும் சில நூறு பேரும் 'மினின்' என்ற பனி உடைப்புக் கப்பலில் ஏறி வெண்கடலின் பனியை உடைத்துக்கொண்டு நோர்வேக்குத் தப்பினார்கள். முன்னணிக் காவலில் நின்றவர்களுக்குச் செய்தி போய்ச் சேருமுன் கப்பல் புறப்பட்டுவிட்டது.